கேட்டடியில் நான் எடுத்த சோறு

தம்பி,

பெடாசில் பெண் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது நீ என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "ஏம்மா அவங்ககிட்ட லுக்குட்னு சொன்னீங்க?" நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைவலி என்றேன். பாரோயில் நம் வீடு வந்து சேரும்வரை நீ ரேடியோகூடப் போடவில்லை. பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, காப்பியும் குடிக்காமல் அப்படியே கோலாலம்பூருக்குக் காரைத் திருப்பிவிட்டாய். உன் கோபம் எனக்குத் தெரியாதா? உன் அப்பாவைப் போல, வாயை மூடிக்கொண்டு கார்க் கதவை மட்டும் ஓங்கிச் சாத்துவாய். மாலதியை எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. நான் ஏன் பொய் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் குரலுக்கு ஏற்றமாதிரி என் கதையை வளைத்துவிடுவேன். என்னை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அன்று மாலதியின் அம்மா கேசரித் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்ததும் தன் கதையைச் சொன்னார் அல்லவா? நீ மாலதி எப்போது வெளியே வருவாள் என்று அறைக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் பாதிதான் காதில் விழுந்திருக்கும். நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். "எங்கம்மா மொகம்கூட எனக்கு சரியா ஞாபகம் இல்லீங்க. டாருராட்டு சமயத்துல, எனக்கு ஏழு வயசு, ரெம்பாவ் பக்கம் எங்க தோட்டத்து கேட்டுல வச்சிப் புடிச்சிட்டாங்க. ஒரு கைப்பிடி சோறுலா, அவ்ளோதான். பொம்பளைங்கள தடவிப் பாக்குறதுக்குன்னு ஒரு புள்ளய நிக்க வச்சிருந்தாங்களாம். அதுதான் எடுத்துக் குடுத்துச்சாம்." பிறகு சாதாரணமாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க எந்தத் தோட்டம்க்கா?" நான் பிறந்து வளர்ந்தது ரெம்பாவ் பக்கம் என்று உனக்குத் தெரியும். லுக்குட் பக்கம் என்று என் வாய் சொல்லிவிட்டது. நீ திரும்பிப் பார்த்தாய். தம்பி, அவர் சொன்ன அந்தப் பிள்ளை நான்தான். இதைப் படித்து முடித்த பிறகு இந்தக் கல்யாணம் என்ன ஆகும் என்று நீ பதறுவாய். நானும் ஐந்து நாள் அப்படித்தான் பதறினேன்.

டாருராட்டு என்ற அந்த அவசரகாலத்தில் எனக்குப் பதினாறு வயது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள், அவர்களுக்குத் தோட்டத்து ஆட்கள் அரிசி கொடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லி, எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்தார்கள். வீட்டில் யாரும் அரிசி வைத்திருக்கக் கூடாது. பொதுக் கொட்டகையில் சமைத்து, தலைக்கு இவ்வளவு என்று சோறாகத்தான் தருவார்கள். அதையும் வேலிக்குள்ளேயே தின்று முடித்துவிட வேண்டும். வெளியே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு போத்தல் சீனி போடாத வரக்கோப்பி மட்டும் கொண்டுபோகலாம். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு மத்தியானம்வரை மரம் மரமாக ஓட வேண்டும். சோற்றுப் பருக்கை வெளியே போனால் ஜெயில். அதற்கப்புறம் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதும் நடந்தது.

ஆண்களைச் சோதிக்கப் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி என் அப்பாவிடம் வந்து கேட்டார். அப்பா அப்போது மண்டோர், ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறு படித்தவள், மலாய் பேசுவேன். எல்லாவற்றையும்விட, 'நேர்மையான பிள்ளை' என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. வாத்தியார் வெளியே போனால் வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரை எழுதி வைக்கும் வேலை எனக்குத்தான். என் சொந்தச் சிநேகிதியின் பெயரையும் எழுதி வைத்து, அவள் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அதற்கு வாத்தியார் எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. நான் யார் என்று எனக்கே சொல்லிக்கொள்ள அந்த ஒரு பெயர்தான் இருந்தது. அழகி என்றோ பாட்டுக்காரி என்றோ யாரும் என்னைச் சொன்னதில்லை. கையில் காக்கிப் பட்டையைக் கட்டிக்கொண்டு கேட்டடியில் நின்ற முதல் நாள், என் உயரம் ஒரு சாண் கூடியமாதிரி இருந்தது.

வரிசையாக வருவார்கள். தலைத்துணியை அவிழ்க்கச் சொல்வேன், கொண்டையைத் தொட்டுப் பார்ப்பேன், இடுப்பைச் சுற்றித் தடவுவேன், வாளிக்குள் எட்டிப் பார்ப்பேன். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், எனக்குச் சடை பின்னிவிட்டவர்கள். முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை என் அம்மா வந்தாள். அம்மாவுக்கு அந்த மாதம் மரத்தடியில் இரண்டு தடவை மயக்கம் வந்திருந்தது. கொண்டையைத் தொட்டேன். உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்குச் சீனிக்கட்டி, துணியில் முடிந்து வைத்திருந்தாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை எடுத்துவிட்டு, போ என்றேன்.

அன்று பகல் முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிடிபடுவோம் என்ற பயத்தைவிட, நான் நினைத்திருந்த ஆள் நான் இல்லையோ என்ற எண்ணம்தான் என்னைக் குடைந்தது. போதாக்குறைக்கு மறுநாள் வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "மண்டோர் மவளுக்கு ஆத்தா கொண்ட மட்டும் பூக்கொண்டலா, தொட்டா வாடிப்போயிடும்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. அவளுக்கு உண்மையிலேயே தெரியுமா, சும்மா குத்திப் பார்த்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று மாலை ஒரு முடிவு எடுத்தேன். இனி யாருக்கும் சலுகை இல்லை. ஒருத்தருக்கு விட்டதைச் சரிக்கட்ட அடுத்தவரை விடக் கூடாது, அதுதான் நியாயம். பதினாறு வயதுக்கு அந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை அஞ்சலை வந்தாள். கடைசி லயத்தில் இருந்தவள், புருஷன் இல்லை, ஒரே பெண் குழந்தை. வாய் அதிகம் பேசமாட்டாள், ஆனால் என்னைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பாள். இடுப்பைத் தொட்டேன். கைலி முடிச்சுக்குள் ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தேன். வாழையிலைக் கிழிசலில் சுற்றிய ஒரு உருண்டைச் சோறு, என் உள்ளங்கை அளவு. அந்த நேரத்தில் நான் அதைக் கீழே போட்டு மிதித்து, போ என்று சொல்லியிருக்கலாம். வேறு தோட்டங்களில் சோதனைக்கு நின்ற பெண்கள் அப்படித்தான் செய்தார்கள் என்று பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். கண்டுபிடித்த மாதிரியும் ஆச்சு, ஆளைக் காட்டிக்கொடுக்காத மாதிரியும் ஆச்சு. எனக்கு அது தோன்றவே இல்லை. விடுவது ஒன்று, பிடிப்பது ஒன்று, நடுவில் மூன்றாவது வழி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் தேடவில்லை. கையை உயர்த்தி போலீஸ் சார்ஜனைக் கூப்பிட்டேன்.

இதுவரை சொன்னதையெல்லாம் நான் உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் சொல்லப்போவதை அவர் சாகும்வரை அவரிடமும் சொன்னதில்லை. சார்ஜன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஒரு பருக்கைக்கெல்லாம் ஆளைப் பிடிப்பதில் அவருக்கே விருப்பம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. யாருக்கு இந்தச் சோறு என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அஞ்சலை சொன்னாள்: "எனக்குத்தான் பாப்பா. நேத்து காச்சல், ஒரு வாய் எறங்கல. அதான் காலைல மரத்தடியில திங்கலாம்னு. நீதான் பாத்தியே, கொட்டாயில எனக்குப் பின்னாடிதானே நின்ன. சொல்லு பாப்பா." அவள் சொன்னது நிஜம். முந்தைய நாள் மாலை கொட்டகை வரிசையில் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். காய்ச்சலில் அவள் கை நடுங்கியதையும், வாங்கிய சோற்றை இலையில் சுற்றியதையும் பார்த்தேன். தனக்கு என்கிறாள் என்று சார்ஜனிடம் மலாயில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, நீ இவளை நம்புகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். அதற்காகத்தான் அந்தக் கேள்வியையே கேட்டார். "தாக் தாவு" என்றேன். தெரியாது என்று அர்த்தம்.

அஞ்சலைக்கு மலாய் வராது. ஆனாலும் இந்த இரண்டு சொல் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு லாரியில் ஏறினாள். சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள், ஜெயில் கிடைத்தது, பிறகு கப்பல். குழந்தை பக்கத்து வீட்டில் இருந்தது. தினம் சாயந்திரம் கேட்டுக்கு வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, லாரி எப்ப வரும்?" என்று கேட்கும். பெடாசிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகும்வரை ஆறு நாள் கேட்டது. ஆறு நாளும் நாளைக்கு வரும் என்று சொன்னேன். அதுதான் பாக்கியம், உன் மாலதியின் அம்மா. அஞ்சலையைக் கொண்டுபோன அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சோறு போடும்போது அம்மா கேட்டாள்: "அவ மடியில இருந்தத எடுத்த கைக்கு எங்கொண்டையில இருந்தது தட்டுப்படலயாடி?" அதற்கப்புறம் அவள் சீனி கொண்டுபோகவே இல்லை. மாதக் கடைசியில் நான் பட்டையைக் கழற்றிக் கிராணியிடம் கொடுத்துவிட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

பல வருஷம் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வந்தேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்று, நான் சின்னப் பெண், சொன்ன வேலையைச் செய்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சமாதானத்தை உடைத்தவன் நீதான். நீ படிவம் இரண்டு படிக்கும்போது ஆசிரியரின் சைக்கிள் டயரைக் குத்தினீர்களே, நினைவிருக்கிறதா? நீயும் சேகரும் சேர்ந்து செய்த வேலை. தலைமையாசிரியர் கேட்டபோது யார் என்று தெரியாது என்று நீ சொன்னாய், சேகர் மட்டும் பிரம்படி வாங்கினான். அதை வீட்டில் வந்து நீயே சொன்னாய். நான் உன்னைப் பெல்ட்டால் அடித்தேன், உன் அப்பா வந்து என் கையைப் பிடிக்கும்வரை அடித்தேன். முதுகில் வரி வரியாக வீங்கிப்போனது. ஒரு டயருக்கு இவ்வளவு அடியா என்று அவர் கேட்டார். தம்பி, அது டயருக்கு விழுந்த அடியே இல்லை. தெரியாது என்ற அந்தச் சொல்லை உன் வாயில் கேட்டதும் எனக்குக் கேட்டடி தெரிந்தது. எனக்கு விழ வேண்டியதை உன் முதுகில் போட்டேன். இதற்காக இன்றுவரை உன்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நான் செய்தது தப்பு.

மறுநாள் காலையில் நீ என்ன செய்தாய்? யாரும் சொல்லாமலேயே தலைமையாசிரியர் அறைக்குப் போய், நானும்தான் என்று சொல்லி, உன் பங்கு அடியை வாங்கிக்கொண்டு வந்தாய். ஏன்டா போனாய் என்று கேட்டதற்கு, "சேகர் ஒண்ணுமே கேக்கலமா, அதான்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினாலு வயதில் உனக்குப் புரிந்தது எனக்குப் பதினாறு வயதில் ஏன் புரியவில்லை என்று அன்று முழுவதும் யோசித்தேன். அப்போதுதான் உண்மை விளங்கியது. சட்டம், நியாயம் எல்லாம் மேல்பூச்சு. அஞ்சலைக்காக நான் வாய் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும், வேறு யாரை விட்டாய் என்று சார்ஜன் அடுத்த கேள்வி கேட்பார். அம்மாவின் சீனி வெளியே வரும், நேர்மையான பிள்ளை என்ற என் பெயர் போகும். நான் காப்பாற்றியது அந்தப் பெயரைத்தான். உனக்குக் காப்பாற்ற அப்படி ஒரு பெயர் இல்லை, உன்னை எல்லாரும் வாலு என்றுதானே சொன்னார்கள், அதனால் உன்னால் சேகரைப் பார்க்க முடிந்தது.

உனக்கு நாளைக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் மீசையும் முகப்பருவும் வரும் வயது வரும். அந்த வயதில் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகமாக நியாய அநியாயம் யோசிப்பார்கள். ராப்பகலாக அதே யோசனைதான். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால் சோம்பேறி என்று திட்டாதே. உள்ளே நான் யார் என்று ஒரு பெரிய வழக்கே நடந்துகொண்டிருக்கும். அப்போது அவர்கள் தலையில் ஒரு நல்ல பெயரை வைத்து ஆணி அடித்துவிடாதே. என் மகள் பொய்யே சொல்லமாட்டாள் என்று நாலு பேர் முன்னால் பெருமையடிக்காதே. ஒருநாள் அவள் தடுக்கி விழுந்தால், அந்தப் பெயரைக் காப்பாற்ற வேறு யாரையாவது கீழே தள்ளிவிடுவாள். தப்புச் செய்துவிட்டு உன்னிடம் வந்து சொல்ல அவளுக்கு இடம் இருக்க வேண்டும். நீ என்னிடம் வந்து சொன்னாய், நான் பெல்ட்டை எடுத்தேன். அப்படியும் நீ நல்லவனாக வளர்ந்தது என் சாமர்த்தியம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாள் யோசித்தேன். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் சம்பந்தி என்று உட்கார்ந்து, அவர் கையால் காப்பி வாங்கிக் குடிப்பது எப்படி? புதன்கிழமை தனியாக பஸ் ஏறி பெடாஸ் போனேன். மாலதி வேலைக்குப் போயிருந்தாள். பாக்கியம் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, "வாங்கக்கா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க" என்றார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் சீனியையும் விடவில்லை. அவர் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார். பிறகு கேட்டார்: "எங்கம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?" சொல்லு பாப்பா என்று சொன்னார்கள் என்றேன். "நீங்க சொன்னீங்களா?" இல்லை என்றேன். மடித்த சட்டையைத் துணி அடுக்கின் மேல் வைத்தார். "நீங்க போங்கக்கா. நான் போன் பண்றேன்" என்றார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பழைய பாவத்துக்கு உன் வாழ்க்கை பலியாகிவிடுமோ என்று பூஜை அறைக்கும் போனுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உன்னைக் கேட்காமல் போய்ச் சொல்லிவிட்டேனே, அவசரப்பட்டுவிட்டேனோ என்றும் என்னையே திட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, நேராகப் பேசினார். "மாலதிகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளா அழுதா. உங்க மகனக் கட்டிக்கிறேன்னுதான் சொல்றா. அந்தத் தம்பி மேல எனக்கு ஒண்ணும் இல்ல, நல்ல பையன்லா. அடுத்த மாசம் பரிசம் நடக்கட்டும்." அதோடு இன்னொன்றும் சொன்னார்: "ஆனா பரிசத் தட்ட நீங்க எங்கிட்ட நீட்ட வேணாம்க்கா. உங்க கையால என்னால வாங்க முடியாது." சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டார்.

அதனால் பரிசத்தன்று தட்டை உன் அத்தை கொடுப்பாள், அவளிடம் பேசிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா குத்துக்கல்லாக இருக்கும்போது நாத்தனார் ஏன் கொடுக்கிறாள் என்று சபையில் நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும். நான் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருப்பேன். என் மேல் இருக்கும் பாசத்தில் என்னை முன்னால் இழுத்துவிடாதே, பாக்கியத்திடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவர் கேட்டது ரொம்பக் கொஞ்சம். இன்னொன்று, நீயும் மாலதியும் அவர் காலில் விழும்போது, எனக்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கலாம் என்று உனக்குத் தோன்றும். உன் குணம் எனக்குத் தெரியும். கேட்காதே. அன்று அந்த வீட்டில் நானே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லைக்கா என்று அவர் சொல்ல வேண்டி வந்திருக்கும், அவ்வளவு நல்ல மனுஷி. பரவாயில்லை என்று அவர் வாயால் சொல்ல வைக்க எனக்கு மனசு வரவில்லை, தம்பி.

உன் அம்மா